பையன்கள் வகுப்பு, பெண்கள் வகுப்பு: பிரிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பையன்களுக்குத் தொட்டுப் பார்த்தால்தான் புரியும். பெண் பிள்ளைகளுக்கு ஒரு தடவை சொன்னால் போதும்." ஆசிரியர் அறையில் இதை எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. சொல்கிறவர்கள் அனுபவசாலிகள், பொய் சொல்லவில்லை. ஆனால் கண்ணால் கண்டதிலிருந்து "அப்படியென்றால் தனித்தனி வகுப்பு, தனித்தனிப் பாடமுறை" என்று தாவும்போதுதான் கால் இடறுகிறது.

இடறும் முதல் இடம் சராசரி. ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து உயரம் அளந்தால், நூற்றில் தொண்ணூறு தடவைக்கு மேல் ஆண்தான் உயரமாக இருப்பார். இது பெரிய வித்தியாசம். படிப்பு சார்ந்த திறன்களில் கதையே வேறு. அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் ஆய்வுகளை) சேர்த்துப் பார்த்தார். அளந்த பாலின வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை, அல்லது இல்லை என்றே சொல்லக்கூடியவை. 'சிறியது' என்று அவர் எடுத்துக்கொண்ட அளவில் நடுவில் இருக்கும் ஒரு வித்தியாசத்தை வைத்து அதே சோடிக் கணக்கைப் போட்டால், நூற்றுக்கு 56 தடவை ஒரு பால் முந்தும், 44 தடவை மற்றது முந்தும். இதை நம்பி வகுப்பைப் பிரித்தால், பாதிக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகளைத் தவறான அறையில் உட்கார வைத்ததாக ஆகிவிடும்.

ஒரு பின்ன வகுப்பு நினைவுக்கு வருகிறது. காகிதத்தை மடித்து முக்காலைக் காட்டச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் காகிதத்தைத் தொடவே இல்லை. நோட்டில் கோடு போட்டு, கீழே இரண்டு வரி விளக்கமும் எழுதி வைத்திருந்தான். அவனுக்குப் பக்கத்து வரிசைப் பெண் காகிதத்தை நான்காகக் கிழித்து, தரையில் பரப்பி, மண்டியிட்டு நகர்த்திக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் விடையும் சரி. ஆசிரியர் அறையின் விதிப்படி பிரித்திருந்தால் அவன் கையில் காகிதத்தையும் இவள் கையில் நோட்டையும் திணித்திருப்போம்.

வித்தியாசமே இல்லை என்று சாதிப்பதும் தவறுதான். பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு வைக்கும் பிசா தேர்வில், 2022இல், ஓஇசிடி என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பின் சராசரியில், வாசிப்பில் பெண்கள் 24 புள்ளி முன்னால் இருந்தார்கள். கணக்கில் பையன்கள் 9 புள்ளி முன்னால். வாசிப்பில் பின்தங்கும் பையன்கள் நிஜமான பிரச்சினை. ஆனால் அந்த இடைவெளி சுவர் எழுப்பச் சொல்லவில்லை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையைக் கண்டுபிடித்துக் கூடுதல் நேரம் கொடு என்கிறது. அந்தப் பிள்ளைகளில் பெண்களும் இருப்பார்கள்.

அடுத்தது மூளைப் படத்தைக் காட்டி வாயடைப்பது. மொத்த மூளை அளவு பெண்களுக்குச் சுமார் பத்தரை வயதிலும் பையன்களுக்குப் பதினான்கரை வயதிலும் உச்சத்தைத் தொடுகிறது என்று 2007இல் ஓர் ஆய்வு வந்தது. உடனே "பையன்கள் நாலு வருஷம் பின்னால்" என்று பேச்சு கிளம்பிவிட்டது. அளந்தது கன அளவை, கற்கும் திறனை அல்ல. நாலு வருஷம் உண்மையாக இருந்தால் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஐந்தாம் வகுப்புப் பெண்ணோடு உட்கார வேண்டும்; எந்தப் பள்ளியிலாவது அப்படி நடக்கிறதா? 2015இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயல் குழு 1,400க்கும் மேற்பட்ட மூளைப் படங்களைப் பார்த்தது. பெரும்பாலான மூளைகளில் 'ஆண்' பக்கம், 'பெண்' பக்கம் என்று சொல்லப்படும் கூறுகள் கலந்தே கிடந்தன.

பெற்றோர் அதிகம் ஏமாறுவது ரிசல்ட் பலகையைப் பார்த்துத்தான். "அந்தப் பெண்கள் பள்ளியில் எல்லாரும் நல்ல மார்க்." இருக்கலாம். சேர்க்கையிலேயே வடிகட்டினார்களா, வீட்டில் எப்படிப்பட்ட வசதி, ஆசிரியர்கள் யார் என்று பார்க்காமல் புகழை மொத்தமாகப் பாலினப் பிரிவுக்குக் கொடுத்தால் எப்படி? 2014இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 21 நாடுகளில் 184 ஆய்வுகளை, 16 லட்சம் மாணவர்களை எடுத்துக்கொண்டது. இந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த தரமான ஆய்வுகளில் பிரித்துப் படிப்பதன் பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது.

இதற்கு மாறான முடிவுகளை மறைப்பதும் நேர்மையாகாது. சியோலில் குலுக்கல் முறையில் பள்ளிக்கு அனுப்பப்பட்டவர்களில், தனிப்பால் பள்ளிகளில் (ஆண்களுக்கு மட்டும், அல்லது பெண்களுக்கு மட்டும் உள்ள பள்ளிகளில்) படித்தவர்கள் கல்லூரி நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் எடுத்தார்கள். டிரினிடாட் டொபேகோவில் 2010இல் பின்தங்கிய 20 பள்ளிகளைத் தனிப்பால் பள்ளிகளாக மாற்றியபோதும் மதிப்பெண் கூடியது. ஆனால் இவை முழுப் பள்ளிகள். இருபாலர் பள்ளிக்குள் கணக்குப் பாடத்துக்கு மட்டும் நாற்பது நிமிஷம் பிரித்து வைப்பது வேறு சங்கதி. ஒன்றின் முடிவை மற்றதற்குச் சான்றாக நீட்டக்கூடாது.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று, அதை நானே பல வருஷம் செய்திருக்கிறேன். "பாய்ஸ், பெஞ்சைத் தூக்குங்க. கேர்ள்ஸ், நோட்டை அடுக்குங்க." வாயில் சரளமாக வந்துவிடும். 2010இல் அமெரிக்காவில் மழலை வகுப்புகளில் ஒரு சோதனை நடந்தது. சில வகுப்புகளில் ஆசிரியர்கள் இரண்டு வாரம் வேண்டுமென்றே பாலினத்தைச் சொல்லிச் சொல்லி வரிசைப்படுத்தினார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். அந்தக் குழந்தைகளிடம் 'இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு' என்ற எண்ணம் கூடியது. எதிர்ப்பாலினக் குழந்தையோடு விளையாடுவது குறைந்தது. இரண்டு வாரப் பேச்சுக்கே இப்படியென்றால், அறைக் கதவிலேயே எழுதி ஒட்டினால்? வரிசையைப் பிறந்த மாதத்தை வைத்தோ சட்டைப் பித்தானை வைத்தோ பிரித்தாலும் பெஞ்சு நகரத்தான் செய்கிறது. இதை நான் கற்றுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

ஏற்கெனவே தனி வகுப்பில் கற்பிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது பாடத்தைச் சாயம் பூசித் தருவதை. பையன்களுக்கு எல்லாக் கணக்கும் கிரிக்கெட் ஸ்கோராக, பெண்களுக்கு எல்லாம் சமையல் அளவாக மாறிவிடும். பையன்கள் வகுப்பில் அதட்டல் கூடும். பெண்கள் வகுப்பில் தப்பான விடைக்கும் "பரவாயில்லம்மா" என்று விட்டுவிடுவோம். இரண்டுமே படிப்பைக் குறைக்கும்.

பள்ளி நிர்வாகம் "பிரிக்கப் போகிறோம்" என்று வந்தால், என்ன குறையைத் தீர்க்க என்று முதலில் கேளுங்கள். சத்தம் என்றால் அது வகுப்பு நடத்தும் விஷயம். கேலி, சீண்டல் என்றால் ஒழுங்கு நடவடிக்கை வேண்டியது. அடுத்து, வேண்டாம் என்கிற பெற்றோருக்கு இருபாலர் வகுப்பு இருக்குமா என்று கேளுங்கள். அமெரிக்காவில் 2006இல் வந்த விதி, தனி வகுப்பு விருப்பத்தின் பேரில்தான் இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மதிப்பிட வேண்டும் என்கிறது. உங்கள் பள்ளியில் அந்த மதிப்பீட்டை யார் செய்வார், இப்போதைய மார்க் எங்கே பதிவாகி இருக்கிறது, பலன் இல்லையென்றால் எந்தத் தேதியில் பழையபடி சேர்ப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.