மலேசியாவின் சுங்கை சிப்புட் வெயிலில் புராசசர் மாற்றிய என் அனுபவம்

அக்கா மகனின் கணினியில் ரைசன் 3 3200ஜி என்ற பழைய புராசசரை (கணினியின் மூளையான சில்லு) எடுத்துவிட்டு ரைசன் 5 5600ஜி போட்டேன். பயோஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டைப் பழைய புராசசர் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். இல்லையென்றால் புதியதைப் போட்டதும் திரையில் எதுவும் வராமல் போகலாம்.

புராசசரின் சூட்டைத் தணிக்க அதன்மேல் இருக்கும் கூலரைக் கழற்றும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். ஏஎம்4 என்ற வகைச் சாக்கெட்டில் (புராசசர் உட்காரும் இடம்) பொருந்தும் இந்தப் புராசசரின் ஊசிகள் அதன் அடியிலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்துபோய் இறுகப் பிடித்திருந்தால், நேராக இழுக்கும்போது புராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, சூடேறியதும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கினேன். திருகாணிகளைக் கழற்றிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பியதும் ஒட்டு விட்டது.

புதிய புராசசரின் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தினால் தானே உட்காரும்; அழுத்தவே கூடாது. புதுக் கூலரில் பேஸ்ட் தடவியே வந்தது. எதிரெதிர் மூலைத் திருகாணிகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன்.

சரி, ஓடியது. ஆனால் மத்தியானத்தில், தகரக் கூரைக்குக் கீழே வீடியோ எடிட் செய்தால் 95 டிகிரி! இந்தப் புராசசரின் உச்ச வரம்பே அதுதான். அதைத் தொட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பார்த்தால், கணினிப் பெட்டியின் முன்வலை முழுக்கச் செம்மண் தூசி. அதைச் சுத்தம் செய்து, காற்றை உள்ளே இழுக்க முன்னால் ஒரு விசிறி, வெளியே தள்ளப் பின்னால் ஒன்று மாட்டினேன். அப்புறம் பயோஸில், புராசசர் எடுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடை 45 வாட்டுக்கு வைத்தேன். இப்போது 80ஐத் தாண்டுவதில்லை.

வீடு செம்பனை லாரிகள் போகும் சாலையோரம் என்பதால், வலையை மாதம் ஒருமுறை துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.