மூட்டு மாற்று அறுவை: ரத்தம் ரிசர்வ் செய்வதற்கு முன்னால்

போன வாரம் ஒரு பிஜி மாணவர் நீட்டிய கேஸ் ஷீட்டில் 'ஹெச்பி 9.2, இரண்டு யூனிட் ரிசர்வ்' என்று இருந்தது. அதாவது ஹீமோகுளோபின் 9.2 கிராம், ஏற்றுவதற்கு இரண்டு யூனிட் ரத்தம் எடுத்து வைக்க வேண்டும். மறுநாள் காலை முழங்கால் மூட்டு மாற்று. மயக்க மருந்து மருத்துவராகச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் எழுதினேன். இதில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள் இவை.

முதல் நாள் சாயந்தரம் ஹெச்பி பார்ப்பது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை. மூட்டு மாற்று அவசர கேஸ் இல்லை. தேதி குறித்து ஒன்றரை மாதம் ஆகியிருக்கும், அத்தனை நாளும் யாரும் ரத்தசோகையைத் தொடாமல் விட்டுவிட்டு கடைசி ராத்திரி ரத்த வங்கிக்கு ஆள் அனுப்புகிறோம். வியாசர்பாடியிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு நான் அப்படித்தான் செய்தேன். ஆபரேஷன் முடிந்து ஹெச்பி 7.1-க்கு இறங்க, இரண்டு யூனிட்டை அடுத்தடுத்து ஏற்றினோம். நடு ராத்திரி நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கியது, இரண்டு நாள் ஐசியு. அப்புறம் விசாரித்தால், மூட்டு வலிக்காகப் பல வருஷமாக வலி மாத்திரை போட்டு வயிற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்திருக்கிறது. அதை முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

ஹெச்பி பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்துக் குறைவுதான். ஒன்றரை, இரண்டு மாதம் இருந்தால் இரும்பு மாத்திரை போதும், ஆனால் காலை காபியோடு போட்டால் இரும்பு சரியாகச் சேராது என்று வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். மூன்று, நான்கு வாரம்தான் இருக்கிறதா? ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்ற இரும்பு மருந்தை ட்ரிப்பில் ஒரே தடவையில் 1000 மி.கி. வரை கொடுக்கலாம், 15 நிமிஷ வேலை. அதற்கும் நாள் இல்லையென்றால் தேதியைத் தள்ளுங்கள். லீவு போட்டுவிட்டு வந்த மகன் கோபப்படுவார், பரவாயில்லை, உட்கார வைத்துப் பேசுங்கள்.

டிரானெக்சமிக் ஆசிட்டை மறப்பது

ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்து இது. கத்தி வைக்கும் முன் 1 கிராம் நரம்பில். விலை மிகக் குறைவு. வலிப்பு நோய் உண்டா என்று மட்டும் முதலில் கேளுங்கள்.

'ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா?' என்று ஒரே கேள்வியோடு விடுவது

பலருக்கு அதன் பெயர் தெரியாது. மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். குளோபிடோக்ரெலும் வார்ஃபரினும் பொதுவாக 5 நாள் முன்பே நிற்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் என்றால் இதய மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

குளிர்

உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. ஏசியின் குளிரைக் குறையுங்கள், நோயாளியைப் போர்த்துங்கள்.

எண்ணைப் பார்த்து இரண்டு யூனிட்

ரத்தக்கசிவு நின்று, நோயாளி நிலையாக இருந்தால், ஹெச்பி 8-க்கு மேல் இருக்கும்போது ரத்தம் ஏற்றுவது பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் ஒரு யூனிட், ஹெச்பி சுமார் 1 கிராம் ஏறும். மறுபடி பார்த்துவிட்டு அடுத்ததை யோசியுங்கள்.