எல்லை தாண்டிய குற்ற வழக்குகள்: நாம் செய்யும் தவறுகள்

தன் மக்களைக் கொன்று குவித்த ஓர் ஆட்சியாளர் வேறு நாட்டுக்குத் தப்பிப்போய் நிம்மதியாக வாழ்கிறார் என்று செய்தி வந்தால், பலர் உடனே சொல்வது: "சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்துங்கள்." முதல் தவறு இங்கேயே தொடங்குகிறது.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருப்பவை இரண்டு வேறு நீதிமன்றங்கள். சர்வதேச நீதிமன்றம் ஐ.நா.வின் அங்கம். ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது தொடுக்கும் வழக்கை அது விசாரிக்கும். தனி மனிதரை அங்கே கூண்டில் ஏற்ற முடியாது. இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், ஆக்கிரமிப்பு ஆகியவற்றுக்காகத் தனி மனிதர்களை விசாரிப்பது சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். அது ஐ.நா.வின் அங்கம் இல்லை. 1998இல் ரோமில் ஏற்கப்பட்ட சாசனத்தின்படி 2002 ஜூலை 1 முதல் அதன் அதிகாரம் தொடங்குகிறது. அதற்கு முன் நடந்த எதையும் அது தொடாது.

தேதி பொருந்தினாலும் போதாது. குற்றம் அந்தச் சாசனத்தை ஏற்ற உறுப்பு நாட்டின் மண்ணில் நடந்திருக்க வேண்டும், அல்லது செய்தவர் உறுப்பு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், சம்பந்தப்பட்ட நாடே முன்வந்து அதிகாரத்தை ஏற்க வேண்டும், அல்லது ஐ.நா. பாதுகாப்பு அவை அனுப்பிவைக்க வேண்டும். 2005இல் தார்ஃபூரும் 2011இல் லிபியாவும் அப்படிப் போனவைதான். இந்தியாவும் உறுப்பு நாடில்லை, இலங்கையும் இல்லை. 2009இல் முடிந்த போரைப் பற்றி "ஹேக்குக்கு ஏன் போகவில்லை" என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது: வேறொரு நாட்டின் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது. அதைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஆப்பிரிக்காவில் உள்ள சாட் நாட்டின் ஹிசேன் ஹப்ரே வழக்கைத்தான்.

ஹப்ரே 1982 முதல் 1990 வரை சாட் நாட்டை ஆண்டவர். அவருடைய ஆட்சியில் சுமார் 40,000 பேர் இறந்ததாக அந்நாட்டு விசாரணைக் குழு 1992இல் மதிப்பிட்டது. தலைநகர் இன்ஜமேனாவில் ஒரு நீச்சல் குளத்தைக் கான்கிரீட்டால் மூடி நிலத்தடிச் சிறையாக்கி வைத்திருந்தார்கள். ஆட்சி கவிழ்ந்ததும் அவர் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலுக்கு ஓடினார். பாதிக்கப்பட்டவர்கள் 2000இல் அங்கேயே போய் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு நீதிபதி குற்றச்சாட்டும் பதிந்தார். ஆனால் வெளிநாட்டில் நடந்த சித்திரவதையை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று 2001இல் செனகலின் உயர்ந்த நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இது பலரும் கவனிக்காத இடம். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் செனகல் 1986இலேயே சேர்ந்திருந்தது. ஆனாலும் அதற்கேற்ப உள்நாட்டுச் சட்டத்தைத் திருத்தவில்லை. "அந்த நாடு கையெழுத்துப் போட்டிருக்கிறதே" என்று நம்பி வழக்குக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த மக்கள் கசப்போடு கற்றார்கள். போகும் நாட்டின் சட்டப் புத்தகத்தில் அந்தக் குற்றம் எந்தத் தேதியில் ஏறியது, வெளிநாட்டில் நடந்ததையும் அது உள்ளடக்குகிறதா என்று முதலிலேயே வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அப்புறம் பெல்ஜியம் 2005இல் ஹப்ரேக்குக் கைது ஆணை பிறப்பித்து, ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டது. செனகல் இழுத்தடித்தது. இங்கேதான் நாடுகளுக்கான அந்த நீதிமன்றம் உதவியது. பெல்ஜியம் செனகல் மீது வழக்குப் போட, "விசாரி, இல்லையென்றால் ஒப்படை" என்ற கடமை செனகலுக்கு உண்டு என்று 2012 ஜூலையில் தீர்ப்பு வந்தது. ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு சேர்ந்து செனகல் தன் நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரு சிறப்பு அமர்வை அமைத்தது. 2016 மே 30 அன்று ஹப்ரேக்கு ஆயுள் தண்டனை. முதல் புகாரிலிருந்து கணக்கிட்டால் 16 ஆண்டுகள்.

இடையில் தமிழுக்கே உரிய ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். குற்றவாளியை இன்னொரு நாட்டிடம் ஒப்படைப்பதையும், விசா முடிந்தவரைத் திருப்பி அனுப்புவதையும் நம் செய்திகள் ஒரே சொல்லால் "நாடு கடத்தல்" என்கின்றன. பின்னது குடியேற்றத் துறையின் நடவடிக்கை. ஒப்படைப்புக்குத் தனிச் சட்டமும் நிபந்தனைகளும் உண்டு. பொதுவாக அந்தச் செயல் இரண்டு நாடுகளிலுமே குற்றமாக இருக்க வேண்டும். கொடுக்கும் நாடு விதிக்கும் நிபந்தனை வாங்கும் நாட்டைக் கட்டும். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை 2005இல் போர்ச்சுகல் அனுப்பியது, மரண தண்டனையோ 25 ஆண்டுகளுக்கு மேல் சிறையோ கூடாது என்ற இந்திய அரசின் உறுதியின் பேரில்தான். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்ட பிறகும் அந்த உறுதியை அரசு காப்பாற்ற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ரெட் கார்னர் நோட்டீஸ் பற்றிய தவறு சின்னது. அது உலகக் கைது ஆணை இல்லை. ஆளைக் கண்டுபிடித்துத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும்படி இன்டர்போல் மூலம் போகும் வேண்டுகோள். அதை வைத்துக் கைது செய்யலாமா என்பதை ஒவ்வொரு நாட்டின் சட்டமும் முடிவு செய்யும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது சாட்சியம். ஹப்ரேயின் சிறையிலிருந்து உயிரோடு வந்த சுலைமான் கெங்கெங் என்பவர் சக கைதிகளைத் தேடிப்போய் 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டி, பல ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்தார். 2001இல் ரகசியப் போலீசின் கைவிடப்பட்ட அலுவலகத்தில் கோப்புகள் கிடைத்தன; காவலில் இறந்த 1,208 பேரின் பெயர்கள் அவற்றில் இருந்தன. கைதிகளின் சொல்லும் போலீசின் சொந்தக் காகிதமும் ஒரே கதையைச் சொன்னபோது மறுப்பது கடினமாயிற்று.

இன்று நல்ல எண்ணத்தோடு செய்யும் சில காரியங்களே சாட்சியத்தைக் கெடுக்கின்றன. பாதிக்கப்பட்ட ஒருவரை நாலைந்து அமைப்புகள் மாறி மாறி விரிவாகப் பேட்டி எடுப்பது அதில் மோசமானது. சொல்லும்போது சிறு முரண்கள் வரும்; எதிர்த்தரப்பு வக்கீல் அவற்றை வைத்தே அவரைப் பொய்யராக்கப் பார்ப்பார். அந்த மனிதருக்கும் காயம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கும். குழந்தைகளிடமும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் இதைச் செய்யவே கூடாது. யார், எங்கே பார்த்தார், எப்படித் தொடர்பு கொள்வது என்று குறித்து வைத்து, முழு வாக்குமூலத்தைப் பயிற்சி பெற்ற விசாரணையாளருக்கு விட்டுவிடுங்கள். படங்களையும் வீடியோக்களையும் வாட்ஸ்அப்பில் வந்த பிரதியாக மட்டும் வைக்காதீர்கள். எடுத்த நேரமும் இடமும் கொண்ட தகவல் அதில் அழிந்துவிடும். எடுத்த போனில் உள்ள மூலக் கோப்பு வேண்டும். இலங்கை குறித்த சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை வழி செய்தது. வேறு நாடுகளில் வழக்கு வரும் நாளில் இவைதான் கைகொடுக்கும்.

தீர்ப்பு வந்ததும் இழப்பீடும் வந்துவிடும் என்று நம்புவதும் தவறு. ஹப்ரே வழக்கில் மேல்முறையீட்டுக்குப் பின் 2017இல் 7,396 பேருக்கு 8,200 கோடி சிஎஃப்ஏ பிராங்க் (செனகல், சாட் உள்ளிட்ட ஆப்பிரிக்க நாடுகளின் நாணயம்) வழங்க உத்தரவானது. ஆனால் முடக்கப்பட்டிருந்தது செனகல் தலைநகர் டக்காரில் ஒரு வீடும் சில சிறிய வங்கிக் கணக்குகளும்தான். 2021 ஆகஸ்டில் ஹப்ரே இறந்தபோது அந்த மக்களுக்கு ஒரு பிராங்க்கூட வந்து சேர்ந்திருக்கவில்லை. சொத்தைத் தேடி முடக்கும்படி கேட்க வேண்டியது, புகார் கொடுக்கும் அன்றே.