முதல் கேமிங் கணினி: எது எதோடு சேரும்?

மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட்டின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது இன்று அநேகமாக எல்லோருக்கும் தெரியும். அதனால் பிராசஸர் மதர்போர்டில் உட்காரவில்லை என்று தவிப்பவர்கள் குறைவு. முதல் கணினி சிக்கிக்கொள்வது வேறு இடங்களில். கேபினெட்டில் 10 மி.மீ. இடம் குறைகிறது, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு கேபிள் இல்லை, மதர்போர்டில் பழைய பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) இருக்கிறது. மூன்றுமே காசு கொடுப்பதற்கு முன் பத்து நிமிடத்தில் சரிபார்க்கக் கூடியவை.

கணக்குப் போட ஒரு தொகுப்பை வைத்துக்கொள்வோம்: ஏஎம்டி ரைசன் 5 7600, பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ (வேகமான வகை) எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ். 1080பி, 1440பி இரண்டிலும் விளையாட இது போதும்.

முதலில் சாக்கெட். ரைசன் 7000, 9000 வரிசைகள் ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும். அதில் டிடிஆர்5 வகை ராம் மட்டும்தான். ரைசன் 5000 வரை ஏஎம்4; அதில் டிடிஆர்4 மட்டும்தான். குழப்பம் வருவது இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில். 12, 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்கள் இரண்டு வகை ராமையும் ஏற்கும், ஆனால் ஒரு மதர்போர்டு ஏதோ ஒன்றைத்தான் ஏற்கும். ஒரே போர்டு இரண்டு வகையாகவும் விற்கும். பெயரின் கடைசியில் ‘டி4’ என்றிருந்தால் அது டிடிஆர்4 போர்டு. ராமின் வெட்டு இருக்கும் இடமே இரண்டிலும் வேறு, அழுத்தி மாட்டப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும். கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ 1851, அதில் டிடிஆர்5 மட்டும். எல்லாமே புதிதாக வாங்குகிறவருக்கு ஏஎம்5தான் நல்லது. 2027 வரையிலும் அதற்குப் பிறகும் அந்த சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாளை போர்டை மாற்றாமல் பிராசஸரை மட்டும் மாற்றலாம். வீட்டில் நல்ல டிடிஆர்4 ராம் சும்மா கிடந்தால் மட்டும் ஏஎம்4 பக்கம் போகலாம்.

‘ஐ7 கேமிங் பிசி’ என்று மலிவாக விற்கும் தொகுப்புகளில் தலைமுறையைக் கேளுங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய நான்காம் தலைமுறை ஐ7, இன்றைய சாதாரண ஐ3க்கே ஈடாகாது. ‘ஐ7’ என்பது வேகத்தின் அளவு இல்லை. அந்தத் தலைமுறைக்குள் அதற்கு என்ன இடம் என்பதை மட்டும் சொல்லும்.

சாக்கெட் சரி, ஆனாலும் திரையில் எதுவும் வரவில்லை என்றால் பயாஸைச் சந்தேகிக்கலாம். ரைசன் 9000 வந்தது 2024 ஆகஸ்டில். அதற்கு முன் தயாராகிக் கடையில் தூங்கிய பி650 போர்டுக்கு அந்தப் பிராசஸரை அடையாளம் தெரியாது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போனால், எந்தப் பிராசஸருக்கு எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். 9000 வரிசைதான் வேண்டும் என்றால் அதற்குப் பிறகு வந்த பி850 போர்டு வாங்குங்கள், அல்லது பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாகப் பாருங்கள். ஃபேட்32 வடிவில் உள்ள பென் டிரைவில் பயாஸ் கோப்பைப் போட்டு, நிறுவனம் சொல்லும் பெயரை அதற்கு வைத்து, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் செருகிப் பொத்தானை அழுத்தினால் போதும். பிராசஸரே இல்லாமல் பதிந்துவிடும். நம் தொகுப்பில் இருப்பது 7600 என்பதால் இந்தத் தொல்லை அநேகமாக வராது.

பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். 7500எஃப் போல எஃப்பில் முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டில் கோளாறு வந்தால் அது சரியாகும் வரை திரை இருட்டுதான். சாதாரண 7600இல் சின்ன கிராபிக்ஸ் உண்டு. பெட்டிக்குள் ரைத் ஸ்டெல்த் கூலரும் வரும். 7600எக்ஸில் கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும்.

ராம் இரண்டு குச்சிகளாக வாங்குங்கள், அதுவும் ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக. 6000 வேகம், சிஎல்30 (தாமதத்தின் அளவு, குறைந்தால் நல்லது) என்பது ரைசனுக்கு நன்றாகச் சேரும் அளவு. ‘இப்போது இரண்டு, பிறகு இன்னும் இரண்டு’ என்ற திட்டம் டிடிஆர்5இல் சரிவராது. நான்கு குச்சி போட்டால் ரைசன் 7000க்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600தான். அதற்கு மேல் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி 2ஆவதிலும் 4ஆவதிலும் மாட்டுங்கள். போர்டில் ஏ2, பி2 என்று அச்சடித்திருக்கும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது நீளம் 2280 தானா என்று பாருங்கள், 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று பொருள். போர்டில் நேராகச் செருகும் இந்த எம்.2 வடிவத்திலேயே சாட்டா என்ற பழைய, மெதுவான வகை எஸ்எஸ்டியும் விற்கிறது. புதிய போர்டுகள் பலவற்றின் எம்.2 ஸ்லாட் அதை ஏற்காது. பெட்டியில் என்விஎம்இ என்று எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிக் கிராபிக்ஸ் கார்டை மாட்டாதீர்கள். ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் 450 வாட்டைப் பார்க்காமல், 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 × 18 = 216 வாட்; கணினியின் பெரும் தீனி அந்த வரிசையில்தான். உண்மையான 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 54 ஆம்பியர் அளவில் இருக்கும். 80 ப்ளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும், பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

நம் தொகுப்பின் கணக்கு: பிராசஸர் அதிகபட்சம் 88 வாட், கார்டு 160 முதல் 180 வரை, மற்றதெல்லாம் சேர்ந்து 50 அல்லது 60. மொத்தம் 330க்குள். 550 வாட்டே போதும். பின்னால் 250 வாட் கார்டுக்கு மாறும் எண்ணம் இருந்தால் 650.

வாட்டோடு முடிவதில்லை, கேபிளையும் எண்ண வேண்டும். கார்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் எடுக்கும், ஒவ்வொரு 8 பின் கேபிளிலிருந்தும் 150. கார்டில் இரண்டு 8 பின் துளை இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள் இழுங்கள். ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்டி ஒப்பேற்ற வேண்டாம். பிராசஸருக்கான 8 பின் கேபிள் பார்க்க அதேபோல் இருக்கும், ஆனால் வேறு. அது 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். ஒன்றை மற்றதில் திணிக்காதீர்கள். கழற்றி மாட்டும் மாடுலர் வகையில் இன்னொரு ஆபத்து உண்டு: வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள் அப்படியே பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை மட்டும் வேறாக இருக்கும். ஆன் செய்த நொடியில் ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும். பழைய கேபிள்களை இந்தப் பெட்டியோடு கலக்கவே கூடாது.

யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி. வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் தருவது ஏறத்தாழ 360 வாட்தான். விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் போனால் மானிட்டரும் சேர்ந்து அந்த எல்லையைத் தொடும், யுபிஎஸ் கைவிரித்துவிடும். 1000 விஏக்கு மேல் பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் கணினியைக் குறை சொல்லாதீர்கள், சுவர் பிளக்கில் எர்த் இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேபினெட் வாங்கும்போது டேப்பை மனதில் வையுங்கள். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு 244 × 244 மி.மீ., முழு ஏடிஎக்ஸ் 305 × 244. இரண்டு விசிறிக் கார்டுகள் 250 மி.மீ. சுற்றி இருக்கும், மூன்று விசிறியானால் 300ஐத் தாண்டும். ஒரே பெயரில் வரும் கார்டுகளிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் நீளம் மாறும் என்பதால், நீங்கள் வாங்கப்போகும் மாடலின் அளவையே பாருங்கள். கேபினெட் தாளில் ‘330 மி.மீ. வரை’ என்றிருப்பது முன்பக்கம் வெறுமையாக இருக்கும்போது உள்ள கணக்கா என்று கேளுங்கள். வாட்டர் கூலரின் ரேடியேட்டரை அங்கே வைத்தால் அதற்கு 27, விசிறிக்கு 25, ஆக 52 மி.மீ. போய்விடும். டவர் கூலர் வாங்கினால் உயரம் பாருங்கள். 120 மி.மீ. விசிறி வைத்தவை பெரும்பாலும் 155 மி.மீ. வரும்; ஒல்லியான கேபினெட்டில் கண்ணாடி மூடாது. பழைய ஏஎம்4 கூலர் கையில் இருந்தால், அது போர்டோடு வரும் பின்தகட்டிலேயே திருகும் வகையா என்று பாருங்கள். தனக்கென்று தனித் தகடு கொண்டுவரும் கூலர் ஏஎம்5இல் ஏறாது.

கேபினெட்டின் முன்பக்க டைப்-சி துளைக்குப் போர்டில் தனி இணைப்பு வேண்டும். மலிவு போர்டுகளில் அது இருக்காது, துளை அலங்காரமாகவே நிற்கும். வைஃபையும் அப்படித்தான், போர்டின் பெயரில் வைஃபை என்று இல்லாவிட்டால் பெரும்பாலும் உள்ளேயும் இல்லை.

மாட்டும்போது: ஏஎம்5இல் பின்கள் இருப்பது பிராசஸரில் இல்லை, போர்டில். பிராசஸரை வைத்து நெம்புகோலை மூடும்போது கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகக் கழன்று விழும். அதை எறிந்துவிடாதீர்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள். டவர் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பவர்கள் அதிகம். பிராசஸர் கொதித்து வேகம் குறையும். எஸ்எஸ்டி மேல் வரும் தகட்டின் ரப்பரிலும் அதே தாள் உண்டு.

முதல் முறை ஆன் செய்ததும் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் டிராம் என்று எழுதிய விளக்கு எரியும். பயந்து அணைக்காதீர்கள். டிடிஆர்5 ராமைப் போர்டு பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். நடுவில் அணைத்தால் அது திரும்ப முதலிலிருந்து தொடங்கும். கால் மணி நேரம் ஆகியும் எதுவும் வரவில்லை என்றால் ஒரு குச்சியை மட்டும் 2ஆவது ஸ்லாட்டில் விட்டுப் பாருங்கள். படம் வந்ததும் பயாஸுக்குள் போய் ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 6000க்குக் காசு கொடுத்த ராம் 4800இலேயே ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டில்தான் மாட்டியிருக்கிறதா, விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸை 144க்கு மாற்றியாயிற்றா என்று பார்த்துவிட்டு விளையாட உட்காருங்கள்.