மலையேறினால் சிக்னல் போகிறதா? சிம்மில் உள்ள தடைப்பட்டியலைக் கவனியுங்கள்

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறி, கர்நாடக எல்லையோரத் தாளவாடி போனால் போன் கர்நாடக டவரைத் தேடும். வாளையார் தாண்டினால் கேரள டவரை. கம்பெனி ஒன்றே என்றாலும் ஒவ்வொரு வட்டாரத்து (தமிழ்நாடு, கேரளா போன்ற டெலிகாம் சர்க்கிள்) நெட்வொர்க்குக்கும் தனி எண் உண்டு. முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும் (இந்தியாவுக்கு 404, 405), மீதி கம்பெனியையும் வட்டாரத்தையும். அதனால் கோயம்புத்தூர் சிம்முக்குக் கேரள நெட்வொர்க் வெளி நெட்வொர்க்தான்.

வெளி நெட்வொர்க் ஒன்று "இந்த நெட்வொர்க்கில் அனுமதி இல்லை" (காரணம் எண் 11) என்று மறுத்தால், போன் அதன் எண்ணை சிம்மிலேயே உள்ள தடைப்பட்டியலில் எழுதி வைத்துவிடும். குறைந்தது 4 எண்ணுக்கு இடமுண்டு. நிரம்பினால் பழையது விழுந்து புதியது ஏறும். நெட்வொர்க் தேர்வு ஆட்டோமேட்டிக்கில் இருக்கும்வரை அந்த நெட்வொர்க் பக்கம் போன் மறுபடி போகாது. வீணாகக் கேட்டுக் கேட்டு பேட்டரி தீராமலிருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஆபரேட்டர் பக்கம் ரோமிங் கோளாறில் ஒருமுறை மறுப்பு வந்தாலும், கோளாறு சரியான பிறகும் அந்த எண் சிம்மில் கிடக்கும். டவர் கண்ணெதிரே நிற்க, திரையில் "அவசர அழைப்பு மட்டும்" என்றிருக்கும்.

ஸ்விட்ச் ஆஃப் செய்தாலும், ஏரோப்ளேன் மோட் போட்டாலும் இந்தப் பட்டியல் அழியாது. சிம்மை வேறு போனில் போட்டால் பட்டியலும் கூடவே போகும். "இந்தப் பகுதியில் மட்டும் ரோமிங் இல்லை" (காரணம் எண் 13) என்ற மறுப்பு வேறு வகை. அது போனின் நினைவில் இருப்பதால் ஆஃப் செய்து போட்டாலே போய்விடும். ஆகவே முதலில் ரீஸ்டார்ட். சரியாகாவிட்டால் சிம்மை இன்னொரு போனில் போட்டுப் பாருங்கள். அங்கே எடுத்தால் கோளாறு உங்கள் போனில். அங்கேயும் எடுக்காவிட்டால்:

1. டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். அழைப்புக்குத் தேவையில்லை, நெட்டுக்குத் தேவை.
2. செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க், அதில் நெட்வொர்க் ஆபரேட்டர். "தானாகத் தேர்வு" என்பதை அணையுங்கள்.
3. தேடல் முடிய ஓரிரு நிமிடம் ஆகும், நடுவில் நிறுத்தாதீர்கள்.
4. தடை என்று காட்டினாலும் உங்கள் கம்பெனி பெயரையே தொடுங்கள். கையால் தேர்ந்தால் போன் தடையைப் பார்க்காமல் கேட்டுப் பார்க்கும். ஏற்றுக்கொண்டால் அந்த எண் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

மறுபடி மறுத்தால் தடை உண்மையானது. ரோமிங்கைத் திறந்துவிடச் சொல்லி கஸ்டமர் கேரில்தான் கேட்க வேண்டும்.

கிடைத்ததும் மறக்காமல் தானாகத் தேர்வை மீண்டும் போடுங்கள். விட்டுவிட்டால் சத்தியமங்கலம் இறங்கிய பிறகும் போன் கர்நாடக நெட்வொர்க்கையே தேடிக்கொண்டு சிக்னல் இல்லாமல் கிடக்கும்.