புதிய டெஸ்க்டாப் வாங்குவதற்கு முன் பழையதை அளந்து பார்ப்பது எப்படி?

கணினி மந்தமாகிவிட்டால் புதியதை வாங்கிவிடலாமா என்று உடனே யோசிக்கிறோம். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் திரையைப் பார்த்துக் காத்திருக்கும் அந்த நேரத்தில் கணினி எதற்காகக் காத்திருக்கிறது? டிஸ்க்கிலிருந்து தரவு வரவேண்டும் என்றா, ரேமில் இடம் கிடைக்கவேண்டும் என்றா, அல்லது உண்மையிலேயே பிராசசர் தன் கணக்கை முடிக்கவேண்டும் என்றா? முதல் இரண்டையும் பெரும்பாலும் ஒரு பாகத்தை மாற்றியே தீர்த்துவிடலாம். மூன்றாவதற்குத்தான் பல நேரங்களில் புதிய கணினி தேவைப்படுகிறது. என் பழைய டெஸ்க்டாப்பை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவெடுக்க நான் பின்பற்றிய வரிசையை அப்படியே தருகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியை மனத்தில் கொண்டு எழுதுகிறேன்.

படி 1: மந்தமாக இருக்கும்போதே அளக்கவேண்டும்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள். பிறகு, உங்கள் பொறுமையைச் சோதிக்கும் அந்த வேலையைத் தொடங்குங்கள். அது பெரிய கணக்குத்தாளைத் திறப்பதாக இருக்கலாம், வீடியோவை ஏற்றுமதி செய்வதாக இருக்கலாம், காலையில் கணினியை இயக்கியவுடன் உலாவியைத் திறப்பதாகவும் இருக்கலாம். அப்போது எந்த வரைபடம் உச்சத்தைத் தொட்டு அங்கேயே நிற்கிறது என்பதையும், எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும் கணினியை அளப்பதால் எதுவும் தெரியவராது.

மதிப்பெண் தரும் சோதனை மென்பொருள்களை இந்தக் கட்டத்தில் நான் பரிந்துரைப்பதில்லை. மற்றக் கணினிகளோடு ஒப்பிட்டால் உங்களுடையது எங்கே நிற்கிறது என்பதை அவை சொல்லும். உங்கள் கணக்குத்தாள் ஏன் தாமதமாகத் திறக்கிறது என்பதைச் சொல்லமாட்டா. ‘கணினியை ஒரே அழுத்தில் வேகமாக்கும்’ என்று விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்களை எந்தக் கட்டத்திலும் நிறுவவேண்டாம்.

படி 2: டிஸ்க்கும் ரேமும்

டிஸ்க் வரைபடம் 100 சதவீதத்தில் நிற்கிறது, உள்ளே இருப்பதும் சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், விடை ஏறக்குறைய கிடைத்துவிட்டது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒருமுறை சுற்றிவர 8.3 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய தரவு, அதைப் படிக்கும் தலைப்பகுதியின் கீழே வந்து சேர, சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்கவேண்டும். தலைப்பகுதி இடம் மாறும் நேரம் அதற்கு மேல். ஆகவே, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு நூறு அளவில்தான் அதனால் எடுத்துத் தரமுடியும். தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் அசையும் பாகமே இல்லாததால் இந்தக் காத்திருப்பும் இல்லை.

சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் எஸ்.எஸ்.டி. விநாடிக்குச் சுமார் 550 எம்.பி. படிக்கும், என்.வி.எம்.இ. என்ற புதிய வகை 3500 எம்.பி., அதற்கு மேலும் படிக்கும். எண்களில் வேறுபாடு பெரிதாகத் தெரிந்தாலும், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது கிடைக்கும் விடுதலை, அதிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறும்போது அன்றாட வேலைகளில் கிடைப்பதில்லை. பழைய கணினிக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.யே போதும் என்பது என் கருத்து. சிறு அட்டை வடிவ எஸ்.எஸ்.டி.க்கான எம்.2 பொருத்துவாய் இருக்கிறதே என்று அவசரப்பட்டு வாங்கவேண்டாம். சில மதர்போர்டுகளில் அது சாட்டாவை மட்டும் ஏற்கும், சிலவற்றில் என்.வி.எம்.இ.யை மட்டும் ஏற்கும். மதர்போர்டின் கையேட்டில் அது குறிக்கப்பட்டிருக்கும்.

டிஸ்க்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதுமுன் மெமரி பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் அதிலுள்ளவற்றை டிஸ்க்கிலுள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். அப்போதும் டிஸ்க் 100 சதவீதத்தில்தான் நிற்கும். விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரின் மெமரி பக்கத்தில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ என்ற எண்ணிக்கை (ரேமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்கவேண்டி வந்த தடவைகள்), வேலை நடக்கும் நேரம் முழுவதும் தணியாமல் இருந்தால் முதலில் ரேமைக் கூட்டவேண்டும். எத்தனை பொருத்துவாய்கள் நிரம்பியிருக்கின்றன என்பதை டாஸ்க் மேனேஜரே காட்டும். ரேமின் வெவ்வேறு தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பொருத்த இயலாது; வெட்டுக்குறி இருக்கும் இடமே வேறு.

படி 3: பிராசசர்

என்னை நெடுநேரம் குழப்பிய இடம் இதுதான். வேலை நகராமல் நிற்கும். டிஸ்க் அமைதியாக இருக்கும். ரேமில் இடம் இருக்கும். பிராசசர் வரைபடமோ 13 சதவீதத்தைத் தாண்டாது. எல்லாமே ஓய்வாக இருக்கும்போது கணினி ஏன் திணறுகிறது?

அந்த வரைபடம் எல்லா லாஜிக்கல் பிராசசர்களின் (தனித்தனியாக வேலை வாங்கக்கூடியவை என்று விண்டோஸ் எண்ணும் பிராசசர் பகுதிகளின்) சராசரியைக் காட்டுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. எட்டு லாஜிக்கல் பிராசசர்கள் உள்ள கணினியில் ஒன்று மட்டும் முழுமூச்சாக உழைத்து, மற்ற ஏழும் சும்மா இருந்தால், சராசரி 12.5 சதவீதம்தான் வரும். எட்டுப் பேர் நிற்கும் களத்தில் ஒருவர் மட்டும் மண்வெட்டி பிடித்திருப்பதைப் போன்றது இது. பல மென்பொருள்கள் தம் வேலையின் முக்கியப் பகுதியை ஒரே இழையில்தான் (த்ரெட், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஒரே கட்டளை வரிசை) செய்கின்றன. அந்த ஓர் இழை ஒரு கோரின் (பிராசசருக்குள் உள்ள ஒரு கணக்கிடும் அலகின்) வேகத்தைத் தாண்டி ஓடமுடியாது.

வரைபடத்தின்மீது வலது பொத்தானை அழுத்தி, லாஜிக்கல் பிராசசர் வாரியாகக் காட்டும்படி மாற்றலாம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் அந்த இழையை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு அவ்வப்போது மாற்றுவதால், ஒன்று 100 சதவீதத்தில் நிற்பதற்குப் பதிலாக, எல்லாவற்றிலும் சிறு சிறு மேடுகளாகத் தெரியக்கூடும். ஆகவே நான் நம்புவது ஒரு எளிய வகுத்தலைத்தான். 100-ஐ லாஜிக்கல் பிராசசர்களின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். நான்கு என்றால் 25, எட்டு என்றால் 12.5, பதினாறு என்றால் ஏறத்தாழ 6. பிறகு டீடெய்ல்ஸ் பக்கத்தில் அந்த மென்பொருளுக்கு நேரே உள்ள சி.பி.யு. எண்ணைக் கவனியுங்கள். வகுத்து வந்த எண்ணையொட்டி நின்று, வேலை முடியும்வரை அதற்கு மேல் ஏறவில்லை என்றால், ஒற்றை இழையின் வேகமே தடை.

இதைக் கண்டுபிடித்துவிட்டால் எதை வாங்குவது என்பதும் மாறிவிடுகிறது. ஒற்றை இழை தடை என்றால், பதினாறு கோர் உள்ள பிராசசர் வாங்கியும் பதினைந்து கோர்கள் சும்மாதான் இருக்கும். கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் ஒப்பிடுவதாலும் பயனில்லை, ஏனெனில் அதே கிகாஹெர்ட்ஸில் புதிய தலைமுறைப் பிராசசர் ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் வேலையை முடிக்கிறது. மதிப்பெண் தரும் சோதனைகளை இப்போது எடுத்துப் பார்க்கலாம். அவற்றில் ‘சிங்கிள் த்ரெட்’ மதிப்பெண்ணை மட்டும் பாருங்கள். மாறாக, வீடியோ ஏற்றுமதியின்போது மொத்த வரைபடமும் 100-ஐத் தொட்டால், கூடுதல் கோர்கள் நிச்சயம் உதவும்.

எவ்வளவு பயன் கிடைக்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிடலாம். ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்தின் சாரம் இது: ஒரு பகுதியை மட்டும் வேகமாக்கினால், மொத்த நேரத்தில் அந்தப் பகுதிக்கு உள்ள பங்கின் அளவுக்கே பயன் கிடைக்கும். 100 விநாடி பிடிக்கும் வேலையில் டிஸ்க்குக்காக 80 விநாடியும் பிராசசருக்காக 20 விநாடியும் செலவானால், இருமடங்கு வேகமான பிராசசர் வாங்கியபின்னும் 90 விநாடி காத்திருக்கவேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடலாம். கடும் வேலை நடக்கும்போது வரைபடத்தின் கீழே காட்டப்படும் வேகம், பக்கத்தில் உள்ள அடிப்படை வேகத்தைவிட வெகுவாகக் குறைந்தால், பெரும்பாலும் சூட்டினால் பிராசசர் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்று பொருள். எச்.டபிள்யூ. இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். தூசியை அகற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றியபின் மீண்டும் முதல் படியிலிருந்து அளந்து பாருங்கள்.

படி 4: வேகம் போதும், ஆனால் விண்டோஸ்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி, நம்பகமான மென்பொருளை மட்டும் கொண்டு கணினியைத் தொடங்கும் செக்யூர் பூட் வசதி, 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம் ஆகியவற்றோடு, மைக்ரோசாஃப்ட்டின் பட்டியலில் உள்ள பிராசசரும் வேண்டும். சில விலக்குகள் தவிர, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. இந்தச் சோதனைகளைத் தாண்டிக் குதித்து நிறுவும் குறுக்குவழிகள் உண்டு. முக்கியமான வேலை நடக்கும் கணினியில் நான் அவற்றைச் செய்யமாட்டேன். வேலை முழுவதும் உலாவிக்குள்ளேயே நடக்கிறது என்றால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டை நிறுவிப் பார்த்தபிறகு முடிவெடுக்கலாம்.

படி 5: முடிவு

டிஸ்க், ரேம் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ தடை என்றால் அவற்றை மட்டும் மாற்றுங்கள். பிராசசர்தான் தடை என்றால், அதே மதர்போர்டு ஏற்கும் வேறு பிராசசர் உண்டா என்று பாருங்கள். இல்லையெனில் மதர்போர்டு, பிராசசர், பல வேளைகளில் ரேம் ஆகிய மூன்றும் ஒன்றாக மாறவேண்டியிருக்கும்; அது பெயரளவில்தான் பாக மாற்றம், உண்மையில் புதிய கணினிதான். பெரிய நிறுவனங்களின் ஆயத்த டெஸ்க்டாப்பாக இருந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். அவற்றில் சில மின்வழங்கி இணைப்புகள் பொதுவான 24 முனை வடிவில் இருப்பதில்லை என்பதால், புதிய மதர்போர்டை அந்தப் பெட்டிக்குள் வைக்கமுடியாமல் போகலாம்.

பின்சேர்க்கை 1: டாஸ்க் மேனேஜரில் 12.5-க்குப் பதிலாக 17, 18 என்று வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது பிராசசஸ் பக்கத்தை. விண்டோஸ் 10-இலும் விண்டோஸ் 11-இன் முந்தைய பதிப்புகளிலும் அந்தப் பக்கம் பிராசசரின் டர்போ வேகத்தையும் (அடிப்படை வேகத்துக்கு மேல் ஓடும் வேகத்தையும்) சேர்த்துக் கணக்கிடுவதால் எண் கூடித் தெரியும். டீடெய்ல்ஸ் பக்கத்தையே பாருங்கள்.

பின்சேர்க்கை 2: டி.பி.எம். இல்லை என்று காட்டினால் உடனே கைவிட்டுவிடவேண்டாம். பல மதர்போர்டுகளில் அது இன்டெல் என்றால் பி.டி.டி., ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்ற பெயரில் பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புகளில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதை இயக்கிவிட்டு மீண்டும் சோதியுங்கள். பயாஸில் கை வைப்பதற்கு முன், டிஸ்க் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை வேறோர் இடத்தில் எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்தால் செக்யூர் பூட்டுடன் அது இயங்காது. விண்டோஸிலேயே உள்ள எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. கருவியால், தரவை அழிக்காமல் ஜி.பி.டி. என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றிவிட்டு, அதன்பிறகே பயாஸில் யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய தொடக்க முறைக்கு மாறுங்கள். தரவு அழியாது என்றாலும், முக்கியக் கோப்புகளின் நகலை எடுத்து வைத்தபிறகே அந்தக் கருவியை இயக்குங்கள்.