கட்சிக்காக உறவை முறிப்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கினால் குடும்ப வாட்ஸப் குழுக்களின் முகமே மாறிவிடும். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் குறைந்து, கட்சி வீடியோக்கள் வரிசை கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் மாமாவும் மருமகனும் மோதிக்கொள்வார்கள். யாராவது ஒருவர் குழுவை விட்டு வெளியேறுவார். அடுத்த கல்யாணத்தில் அவர் தலை தென்படாதபோதுதான், விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மற்றவர்களுக்கு உறைக்கும்.

மாற்றுக் கட்சிக்காரரோடு பேசுவதா, விலகுவதா என்ற முடிவைப் பெரும்பாலும் கோபம் தலைக்கேறிய நேரத்தில்தான் எடுக்கிறோம். அதுவும் ஊரே பார்க்க. குழுவில் முப்பது சொந்தக்காரர்கள் இருக்கும்போது, அறுபது வயது மாமா தன் சம்பந்தி முன்னால் "ஆமாம்ப்பா, நான் சொன்னது தப்பு" என்று ஒருபோதும் எழுதமாட்டார். நீங்களும் எழுதமாட்டீர்கள். பேச வேண்டும் என்று தோன்றினால் தனியாகப் போன் போடுங்கள். அவர் அனுப்பியதில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கைமாறி வந்த சரக்கு. அவருக்கு அதை அனுப்ப ஒரு நொடிதான் ஆகியிருக்கும். அதற்கு மறுப்பு எழுத நீங்கள் அரை மணி நேரம் செலவழிக்கிறீர்கள். "முழுசாப் பார்த்தீங்களா மாமா?" என்று போனில் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் பார்த்திருக்கமாட்டார்கள்.

அடுத்தது பட்டப்பெயர். சங்கி, 200 ரூபாய் உபி, கொத்தடிமை என்று ஆளுக்கொரு முத்திரை கைவசம் இருக்கிறது. முத்திரை குத்தியவுடன் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? உங்கள் பெரியப்பா தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த கவுன்சிலருக்காக ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுபவராக இருக்கலாம். அந்தக் கட்சி செய்த நாலு காரியம் அவருக்கே பிடிக்காமல் இருக்கலாம். நீங்கள் முத்திரை குத்தியபின் அந்த நாலுக்கும் சேர்த்து அவர் வக்காலத்து வாங்குவார். அவரை முழுக் கட்சிக்காரர் ஆக்கிய பெருமை உங்களுக்குத்தான்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது பெரியாரையும் ராஜாஜியையும் இழுப்பார்கள். "அவங்களே நண்பர்களா இருந்தாங்க, நீ என்ன?" நல்ல உதாரணம்தான், ஆனால் தப்பான இடத்தில் பொருத்துகிறார்கள். 1949-இல் தன் திருமணம் பற்றிப் பெரியார் யோசனை கேட்டது, திருவண்ணாமலைக்கு வந்திருந்த ராஜாஜியிடம். அப்போது ராஜாஜி கவர்னர் ஜெனரல். அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்து 1953-இல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று கல்வித் திட்டம் கொண்டுவந்தபோது, நண்பராச்சே என்று பெரியார் வாயை மூடிக்கொள்ளவில்லை. குலக்கல்வி என்று சொல்லி, ஊர் ஊராக எதிர்ப்பைத் திரட்டினார். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து அழுதார். ஆக, நட்பைக் காக்கக் கருத்தை விழுங்க வேண்டும் என்பதற்கு இது சாட்சி அல்ல. விழுங்காமலும் நட்பாக இருக்கலாம் என்பதற்குத்தான் சாட்சி.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்கள் இருவரும் சம பலம் உள்ளவர்கள். ஒருவர் தயவில் மற்றவர் வாழவில்லை. வேறு சாதியிலிருந்து கல்யாணம் செய்துகொண்டு வந்த மருமகள் எதிரே உட்கார்ந்திருக்க, அவள் சாதியைப் பற்றி ஒரு சித்தப்பா சிரித்துக்கொண்டே பேசுகிறார் என்று வையுங்கள். அவளிடம் போய்ப் பெரியார்–ராஜாஜி நட்பைச் சொல்வது அநியாயம். அங்கே நடப்பது கருத்து வேறுபாடே இல்லை. வரி, இலவசம், கூட்டணி, தலைவர் என்று வேறுபட்டால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். உங்கள் வீட்டு ஆளைப் பார்த்து நீ எனக்குக் கீழே என்று சொல்பவரோடு உட்கார வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியதும் மருமகள் இல்லை, அவள் புருஷன். இந்த இரண்டையும் ஒரே பையில் போடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். சிலர் கூட்டணிச் சண்டைக்கு உறவை அறுத்துவிட்டு, சாதிப் பேச்சுக்கு "பெரியவர், விடு" என்பார்கள். எனக்குப் புரியாத கணக்கு அது.

சரி, விலகுவது என்றே முடிவாகிவிட்டது. அதிலும் ஒரு முறை இருக்கிறது. நம் ஊரில் பேச்சுவார்த்தை நின்றால் இரண்டு பேரோடு நிற்பதில்லை. பத்திரிகை வைப்பது, மொய், நல்லது கெட்டது எல்லாம் நிற்கும், பிள்ளைகள் கூட ஒருவரையொருவர் பார்த்தால் திரும்பிக்கொள்ளும். உங்கள் கோபத்துக்கு அத்தையும் அத்தை மகளும் என்ன செய்தார்கள்? மாமாவோடு மட்டும் நிறுத்துங்கள். காரணத்தை அவரிடமே சொல்லுங்கள், ஊர் முழுக்க அல்ல. 1949 செப்டம்பரில் பெரியாரை விட்டுப் பிரிந்து தி.மு.க. தொடங்கிய அண்ணா, கட்சித் தலைவர் நாற்காலியை அவருக்கென்று காலியாகவே விட்டுவைத்தார். 1967-இல் பெரியார் காங்கிரசுக்குப் பிரசாரம் செய்தார். அண்ணா ஜெயித்ததும் நேரே திருச்சிக்குப் போய் அவரைத்தான் பார்த்தார். இடையில் 18 வருடம். அத்தனை வருடச் சண்டையிலும் திரும்பிப் போக முடியாத ஒரு வார்த்தையை அண்ணா விட்டுவிடவில்லை.

குழுவை விட்டு விலகத்தான் வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். 'எப்போதும்' என்று மியூட் செய்து ஆர்க்கைவில் தள்ளினால் காது குத்துத் தேதியும் வந்து சேரும், தலைவலியும் இருக்காது. போய்த்தான் ஆக வேண்டும் என்றால் சத்தமில்லாமல் போகலாம். 2022 முதல் வெளியேறுவது அட்மினுக்கு மட்டுமே அறிவிக்கப்படுகிறது. நீளமான விடைபெறும் கடிதம் வேண்டாம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு குழுவில் போட ஒரு மச்சான் எப்போதும் இருப்பார்.

அட்மினுக்கும் வேலை உண்டு. ஓட்டுப் பதிவு முடியும்வரை அட்மின்கள் மட்டும் பதிவிடலாம் என்று அமைப்பை மாற்றிவைத்தால் பாதிச் சண்டை நடக்காது. அட்மினே தீவிரக் கட்சிக்காரராக இருந்தால் கஷ்டம்தான். கல்யாணம், காது குத்துக்கு மட்டும் தனிக் குழு ஆரம்பித்து, அதற்குப் பாட்டியை அட்மினாகப் போட்டுவிடுங்கள்.